நாலு விரல் இடைவெளி

“படார்.”

வேனின் கூரை மேலே எகிறியது. அதைக் கீழே இழுத்துக்கொண்டிருந்த ஸியாத் பின்பக்கமாகப் போய் மணலில் உட்கார்ந்தான். தென்னை மரத்துக் காகங்கள் எல்லாம் எழுந்து, என்ன விசயம் என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, மறுபடி வந்து உட்கார்ந்தன.

இது மூன்றாவது தடவை. மூன்று தடவையும் ஒரே கதைதான். இழுத்தால் கூரை இறங்கும். வேனின் உடம்பைத் தொட நாலு விரல் இருக்கும்போது நின்றுவிடும். அதற்கு மேல் தொங்கினாலும் சரி, கெஞ்சினாலும் சரி, அசையாது. களைத்துப் போய்க் கையை எடுத்தால் படார்.

ஸியாத் போனில் நேரம் பார்த்தான். பதினொன்று ஐந்து. நாலு மணிக்கு ஆட்கள் வருகிறார்கள்.

வேன் ஆலங்குடாக் கடற்கரையில், அஸ்ஜத்தின் ஹோட்டல் வளவுக்குள், இரண்டு தென்னைகளுக்கு நடுவே நின்றது. வெள்ளைக்காரர்கள் படுத்துறங்கிப் பயணம் போவதற்கென்று செய்த பழைய வேன். கீழே இருக்கைகள், சின்ன அடுப்பு, ஒரு அலுமாரி. கூரை மட்டும் தனி. ஃபைபரில் வார்த்த பெரிய மூடி. தள்ளினால் அது மேலே எழும்பும். மூடிக்கும் வேனுக்கும் நடுவில் நாலு பக்கமும் கென்வஸ் சுவர் விரியும், அதில் கொசு புகாமல் நுளம்பு வலை போட்ட மூன்று ஜன்னல். மேல் தட்டில் இரண்டு பேர் படுத்துக் கடலைப் பார்க்கலாம். திரும்ப இழுத்தால் கென்வஸ் மடிந்து உள்ளே போய்விட, மூடி வந்து ரப்பர் பீடிங்கின்மேல் பொத்தென்று உட்கார வேண்டும்.

அந்தக் கென்வஸ் கிழிந்து, பீடிங்கும் வெடித்துப் போயிருந்தது. இரண்டையும் மாற்றும் பொறுப்பு ஸியாத்திடம் வந்து சேர்ந்திருந்தது.

ஸியாத்தின் தொழில் ஓட்டோக்களுக்கு மேல்கூரையான ஹூட் அடிப்பது. கற்பிட்டி வீதியில் ஒரு தையல் மெசினும் ஒரு பெரிய மேசையும் கொண்ட கடை. நல்ல கை. ஆனால் போன வருசத்துக் கச்சான் காற்றுக் காலத்தில் ஒரு அநியாயம் நடந்துவிட்டது. அவன் அடித்துக் கொடுத்த ஹூட் ஒன்று, பாலாவிக்குக் கிட்ட ஓடிக்கொண்டிருந்த ஓட்டோவிலிருந்து கழன்று பறந்து, வீதியைத் தாண்டி உப்பளத்துக்குள் போய் இறங்கியது. ஓட்டோவுக்குள் இருந்தவர் பள்ளிவாசல் தலைவர். கலியாண வீடொன்றுக்குப் புறப்பட்டவர், தலைக்கு மேலே வானத்தோடு போய் இறங்கினார். ஓட்டோக்காரன்தான் இரண்டு ஆணியைக் கழற்றி வேறெதற்கோ அடித்திருந்தான் என்பதை ஸியாத் பார்த்தவர்களிடமெல்லாம் விளக்கினான். விளக்கம் நடந்து போயிற்று, கதை பறந்து போயிற்று. அதற்குப் பிறகு கடைக்கு வருகிறவர்கள், “பறக்குற ஹூட்டா, பறக்காத ஹூட்டா?” என்று கேட்டுவிட்டுத்தான் விலை கேட்டார்கள்.

அதையாவது தாங்கிக்கொள்ளலாம். அஸ்ஜத்தின் தங்கை நுஸ்ராவைக் கேட்டு ஸியாத்தின் உம்மா நாலு மாதத்துக்கு முன்பு ஆள் அனுப்பியிருந்தார். நுஸ்ராவுக்குச் சம்மதம். அவளுடைய உம்மாவுக்கும் சம்மதம். வாப்பா ஹயாத்து முகம்மது ஹாஜியார் மட்டும் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரு ஓட்டோவின் கூரையை அதன் இடத்தில் நிற்பாட்டத் தெரியாதவன் தன் பிள்ளையை எப்படி வைத்துப் பார்ப்பான் என்று ஒரே ஒரு தடவை கேட்டாராம்.

வழி கண்டுபிடித்தது அஸ்ஜத்தான். தன் வேனின் கென்வஸை ஸியாத் மாற்றட்டும், வாப்பா வந்து தன் கண்ணால் வேலையைப் பார்க்கட்டும், பார்த்த கையோடு வார்த்தை சொல்லட்டும் என்றான். அந்த நாள்தான் இன்றைக்கு. கொழும்பிலிருந்து புது மாப்பிள்ளையும் பெண்ணும் நாலு மணிக்கு வருகிறார்கள். வேனுக்கு முதல் வாடிக்கை. மூன்று நாளைக்குக் கேட்டிருக்கிறார்கள். ஹாஜியாரும் பின்னேர அஸர் தொழுகையை முடித்துக்கொண்டு வருகிறார்.

மூன்று நாளில் புதுத் தம்பதி எங்கெங்கே போகக்கூடும் என்று ஸியாத் மனதுக்குள் வழி போட்டுப் பார்த்திருந்தான். வில்பத்து. மன்னார். திரும்பி வரும்போது அனுராதபுரம். எங்கே போனாலும் முதலில் நுரைச்சோலை தாண்ட வேண்டும். அங்கே இந்த மாதத்தில் கச்சான் காற்று பஸ்ஸையே ஒரு பக்கம் சாய்க்கும். மூடாத கூரையோடு ஒரு வேன் அதற்குள் போனால் என்ன ஆகும் என்பதை நினைத்தாலே அவனுக்குக் கண்ணுக்குள் உப்பளம் தெரிந்தது.

ஆகவே கூரை மூடியே ஆக வேண்டும். மற்றதெல்லாம் பிறகு.

ஏன் மூடவில்லை என்பதற்குக் காரணம் அவனுக்குத் தெரியாமலில்லை. பழைய கென்வஸின் இடுப்பைச் சுற்றி ஒரு இலாஸ்டிக் கயிறு ஓடியது. கென்வஸும் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. ஹூட்காரன் கண்ணுக்குத் தொய்வு என்பது அவமானம். தொய்வு இருந்தால் காற்று நுழையும், காற்று நுழைந்தால் பறக்கும். இலாஸ்டிக்கை அறுத்து எறிந்துவிட்டு, ஓட்டோ ஹூட்டுக்குப் போடும் தடித்த ரெக்சினை எடுத்து, அளவைவிட அரை அங்குலம் குறைத்து வெட்டி, மூன்று ஜன்னலும் வைத்து, மேளம் போல இறுக்கி அடித்திருந்தான். தட்டினால் சத்தம் வந்தது. காலையில் அதைத் தட்டிப் பார்த்து அவனே ஒருமுறை மாஷா அல்லாஹ் சொன்னான்.

மேளம் மடியாது என்பதை இப்போதுதான் கண்டான். கென்வஸை உள்ளுக்கு இழுத்து மடிக்கத்தான் அந்த இலாஸ்டிக்.

அதைத் தேடிப் போனான். வளவின் எல்லையில், கடற்கரையைப் பார்த்தபடி, மீன்பிடிக்கும் யோசேப்பு அண்ணன் ஒரு ஃபைபர் படகைக் கவிழ்த்துப் போட்டு ஓட்டை அடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மூன்று கல் அடுப்பில் தேத்தண்ணி கொதித்தது.

“அண்ணன், காலையில ஒரு பழைய கென்வஸ் எறிஞ்சன். அதுல ஒரு இலாஸ்டிக் இருந்திச்சி.”

யோசேப்பு அடுப்பைப் பார்த்தார். “ஓம் தம்பி. நல்லா எரிஞ்சது.”

பிறகு, குற்றம் தன்மேல் இருக்கிறதோ என்ற யோசனையில், ஒரு கோப்பைத் தேத்தண்ணியை நீட்டினார். ஸியாத் குடிக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு நைலோன் கயிறு கேட்டான். மீன்பிடிக்காரரிடம் அதற்கா பஞ்சம்.

திட்டம் சுலபமானது. கயிற்றைக் கென்வஸின் இடுப்பைச் சுற்றி வெளியால் கட்டி, இரண்டு நுனியையும் நுளம்பு வலை போட்ட ஜன்னல் வழியாக உள்ளே எடுத்து, ஸியாத் உள்ளிருந்து இழுக்க, யோசேப்பு வெளியிலிருந்து கூரையை அமுக்குவார். கென்வஸ் உள்ளே மடியும். கூரை இறங்கும்.

இறங்கியது. மூன்று விரல் ஆயிற்று. இரண்டு விரல் ஆயிற்று. ஸியாத் வேனுக்குள் குந்தியபடி, கயிற்றைத் தோளில் சுற்றிக்கொண்டு, கரைவலை இழுப்பவனைப் போல இழுத்தான்.

“இன்னும் கொஞ்சம், அண்ணன்.”

சர்ர்ர்ர் என்று ஒரு சத்தம். நைலோன் கயிறு நுளம்பு வலையை ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை கத்தி போல வெட்டிக்கொண்டு வெளியே போயிற்று. அந்த வாசலால் கச்சான் உள்ளே புகுந்தது. கூரை யோசேப்பையும் சேர்த்துத் தூக்கி ஒரு முழம் மேலே கொண்டுபோய்விட்டு, இறக்கியும் விடாமல் அப்படியே நின்றது. யோசேப்பு தொங்கிக்கொண்டே, இந்த வேன் கடலுக்குப் போனால் நன்றாக ஓடும் போலிருக்கிறது என்றார்.

அப்போது பார்த்துப் போன் அடித்தது. அஸ்ஜத். புத்தளத்தில் மெத்தை வாங்கிக்கொண்டிருக்கிறானாம். வேலை எந்த மட்டில் என்று கேட்டான். மூத்தவன் என்பதால் ஸியாத்துக்கு அவன் நானா.

“தொண்ணூறு வீதம் முடிஞ்சி, நானா.”

“காத்துக்குத் தாங்குமா? ஆடுதா?”

“ஒரு நூல் ஆடாது.”

“ஜன்னல் எப்படி? மேல படுத்தா கடல் தெரியுதா?”

ஸியாத் கிழிந்த ஜன்னலைப் பார்த்தான். “கடல் அங்கேயேதான் ஈக்கி, நானா.”

அஸ்ஜத் சந்தோசப்பட்டுப் போனை வைத்தான்.

கிழிந்த வலையை வலையால் அடைக்க அவனிடம் வலை இல்லை. ரெக்சின் இருந்தது. ஜன்னலை ரெக்சின் துண்டால் மூடித் தைத்தான். கடலைப் பார்க்கிறவர்கள் இறங்கி நின்று பார்த்துக்கொள்ளட்டும். கடற்கரை முழுக்க இருக்கிறது. ஒரு ஜன்னல் மட்டும் மூடி நின்றால் ஒட்டுப் போட்டது போலத் தெரியும் என்று மற்ற இரண்டு ஜன்னலையும் மூடித் தைத்தான். மூன்றும் ஒரே அச்சில் வந்தன. வேலை பார்க்க அழகாகத்தான் இருந்தது.

கூரையை இழுத்தான். ஆறு விரலில் நின்றது.

வலை இருந்த இடமெல்லாம் இப்போது ரெக்சின், ஓரங்களில் இரண்டு அடுக்கு. தடிப்பு கூடினால் இடைவெளியும் கூடத்தானே செய்யும். தையல் தெரிந்த சின்னப் பிள்ளைக்கும் விளங்குகிற விசயம். ஸியாத்துக்கு விளங்க இருபது நிமிடம் தையல் போட வேண்டியிருந்தது.

மதியம் ளுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. வளவுக் குழாயில் கைகால் முகம் கழுவி வுழூ செய்து, தென்னை நிழலில் தொழுதான். தொழுகையில் மனசு நிற்கவில்லை. நெற்றி நிலத்தில் பட ஸுஜூதில் இருக்கும்போது குற்றவாளி பீடிங்தான் என்று தோன்றியது. எழுந்ததும் அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு நேரே பீடிங்கிடம் போனான்.

இந்த வேனுக்குரிய பீடிங் புத்தளத்தில் கிடைக்கவில்லை என்று லொறிக் கதவுக்குப் போடுவதை வாங்கி வந்து ஒட்டியிருந்தான். பெருவிரல் தடிப்பு. அதைக் கழற்றினால் ஒரு விரலாவது குறையும். நுனியைப் பிடித்து இழுத்தான். பீடிங் வந்தது. அதோடு வேனின் நீலப் பெயின்டும் வந்தது, வாழைத்தண்டில் நார் உரிவது போல நீளநீளமாக. தன் பசை இவ்வளவு நல்ல பசை என்று அவனுக்கே தெரியாது.

பெயின்ட் போன இடமெல்லாம் கூரை மூடினால் மறைந்துவிடும் என்று தேற்றிக்கொண்டான். கூரை மூட வேண்டிய காரணங்கள் இப்படி ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போயின.

இழுத்துப் பார்த்தான். ஐந்து விரல்.

போனில் டிங் என்று ஒரு சத்தம். நுஸ்ராவின் குரல் பதிவு. பக்கத்தில் யாருக்கோ கேட்காமல் பேசுகிற குரல்.

“வாப்பா இப்பயே சட்ட போட்டுட்டார். அஸருக்கு இன்னும் ஒன்டர மணித்தியாலம் ஈக்கி. உம்மாக்கிட்ட, அவன்ட வேலையப் பார்த்துட்டு இன்டைக்கே முடிவு செல்றன் என்டு செல்றார். எல்லாம் சரிதானே?”

எல்லாம் சரி என்று இரண்டு சொல் எழுத ஸியாத் நாலு எழுத்துப் பிழை விட்டான். வேலையில் என்ன பிரச்சினை என்று அவளிடம் சொல்ல அவனுக்கு வாயில்லை. நாலு மாதமாகத் தன் கையைப் பற்றித்தான் அவளிடம் பெருமை பேசி வந்திருக்கிறான்.

நிதானமாக யோசித்தான். ரெக்சின் ஒருபக்கம் கிடக்கட்டும். கூரையை மேலே தள்ளுவது எது? இரண்டு பக்கமும் நிற்கிற இரும்புத் தண்டுகள். உள்ளே காற்றடைத்த தண்டுகள். அவைதான் கூரையைத் தூக்கிப் பிடிக்கின்றன, அவைதான் இறங்கவும் விடமாட்டேன் என்கின்றன. அவை இல்லாவிட்டால் கூரை தன் பாரத்திலேயே உட்கார்ந்துவிடும்.

“தண்டக் கழட்டினா பிறகு எப்பிடித் தம்பி தூக்கிறது?” என்று யோசேப்பு கேட்டார்.

“தூக்குறது லேசி, அண்ணன். மூடுறதுதான் கஷ்டம்.”

யோசேப்பு தன் தொழிலில் மூடுவதைத் தவிர வேறு எதையும் செய்து பழகாதவர். ஆகவே அது அவருக்கு நியாயமாகப் பட்டது.

இடது தண்டு கழன்றது. ஒன்றும் ஆகவில்லை. வலது தண்டின் கடைசி ஆணியைக் கழற்றியபோது கூரை, அதுவரை மூடமாட்டேன் என்று அடம்பிடித்த அதே கூரை, ஒரு பக்கமாகச் சரிந்து, வேனின் முன்மூலையில் மடேரென்று வந்து விழுந்தது. ஸியாத் தலையை இழுத்துக்கொண்டது அவன் உம்மா கேட்ட துஆவின் பலன். காகங்கள் இந்தத் தடவை திரும்பி வரவில்லை.

முன்மூலையில், ஃபைபரில், ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு.

ஸியாத் அதை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு வேனின் படியில் உட்கார்ந்துவிட்டான். ஹாஜியார் வருகிற வழியில் நின்று, வேலைக்கு ஆளை மாற்றச் சொல்லிவிட்டு, பஸ் ஏறி எங்காவது போய்விடலாமா என்றுகூட நினைத்தான். நுஸ்ராவின் குரல் நினைவுக்கு வந்தது. எழுந்தான்.

யோசேப்போ வெடிப்பைக் கண்டதும் முகம் மலர்ந்து போனார். காலையிலிருந்து புரியாத பாசையில் நடந்த வேலை, இப்போதுதான் அவருக்குத் தெரிந்த பாசைக்கு வந்திருக்கிறது.

“இதுக்கா தம்பி யோசிக்கிறாய்? இது ஃபைபர். படகும் ஃபைபர். பத்து நிமிசம்.”

படகு ஒட்டும் ரெசின் பசை வாளி வந்தது. ஃபைபர் பாய் வந்தது. ஒட்ட வேண்டுமென்றால் கூரை அமுங்கி நிற்க வேண்டும், இப்போதும் இரண்டு விரல் இடைவெளி இருக்கிறது என்று யோசேப்பு கடற்கரையைப் பார்த்து ஒரு விசில் அடித்தார். வலை பிரித்துக்கொண்டிருந்த நாலு பேர் வந்தார்கள். ஏன் என்று கேட்கவில்லை. ஒரு படகைத் தள்ள வா என்றால் ஏன் என்று கேட்கிற பழக்கம் அந்தக் கரையில் இல்லை. மேலே ஏறி உட்காருங்கள் என்றதும் ஏறி, மூலைக்கொருவராக உட்கார்ந்து, வெற்றிலை மடித்தார்கள்.

கூரை இறங்கியது. ஒரு விரல். அரை விரல். ரெக்சின் உள்ளே எங்கோ நெரிந்து முனகியது. பிறகு, காலையிலிருந்து ஸியாத் கேட்கக் காத்திருந்த அந்தச் சத்தம் வந்தது. பொத்.

இடைவெளி இல்லை.

யோசேப்பு வெடிப்பின்மேல் பாயை வைத்து ரெசினைப் பூசினார். வெயிலில் அது கொதித்து இறுகத் தொடங்கியது. வாளியில் பாதி மிச்சம். இறுகிப் போனால் வீண். பீடிங் இல்லாத இடத்தால் மழைத்தண்ணி போகுமே என்ற கவலை அவருக்கு. ஸியாத் கடையிலிருந்து கொண்டுவந்த தையல் மெசினைத் துணியால் சுற்றிக் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள், மிச்ச ரெசினைக் கூரையும் வேனும் சந்திக்கிற விளிம்பு நெடுக, முன்னாலிருந்து பின்னாலும், பின்னாலிருந்து முன்னாலும், படகின் பலகை மூட்டை அடைப்பது போல ஓட்டி முடித்திருந்தார்.

“அண்ணன், விளிம்புக்கும் பூசினீங்களா?”

“பாதி வேலை செய்யிற பழக்கம் எனக்கில்ல.”

“இனி இது திறக்குமா?”

அந்தக் கேள்வி யோசேப்புக்கு மனவருத்தத்தைத் தந்தது. முப்பது வருசத்தில் தான் ஒட்டிய எதுவும் திறந்ததில்லை என்றார்.

மேலே இருந்த நாலு பேரும் இறங்கினார்கள். கூரை எகிறவில்லை. ஸியாத் கையால் தூக்கிப் பார்த்தான். தோளால் முட்டிப் பார்த்தான். வேன் முழுதும் ஆடியது, கூரை ஆடவில்லை.

நேரம் மூன்று நாற்பது.

அவன் ஒரு முடிவுக்கு வந்தான். இன்றைக்குத் தேவை மூடிய கூரை. அது இருக்கிறது. திறக்காது என்பது இன்றைய கவலை அல்ல. தம்பதி புறப்பட்டுப் போகட்டும். காற்றில் ஒன்றும் பறக்காது, ஹாஜியார் அதைக் கண்ணால் காண்பார், வார்த்தை சொல்வார். வழியில் எங்காவது நிறுத்தி அவர்கள் கூரையைத் திறக்கப் பார்க்கும்போது போன் வரும். அவன் அறுக்கும் வாளும் உளியுமாகப் போவான். அறுத்து எடுத்து, மெல்லிய கென்வஸில், இலாஸ்டிக் வைத்து, ஜன்னல் வைத்து, எல்லாவற்றையும் சொந்தச் செலவில் முதலிலிருந்து செய்து கொடுப்பான். ஒரு வாரம் நித்திரை கொள்ளாமல் செய்வான். இதில் பொய் ஒன்றும் இல்லை. உண்மை வரக் கொஞ்சம் பிந்தும், அவ்வளவுதான்.

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அஸ்ஜத்தின் ஜீப் வந்தது. கூரைமேல் மெத்தை கட்டியிருந்தது. பின்னால் ஒரு சின்னக் கார். அதிலிருந்து கொழும்புத் தம்பதி இறங்கினார்கள். பெண்ணின் கையில் மருதாணி இன்னும் சிவந்திருந்தது. கடைசியாக ஜீப்பின் முன்கதவைத் திறந்து ஹயாத்து முகம்மது ஹாஜியார் இறங்கினார். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி. ஸியாத் சொன்ன ஸலாத்துக்குப் பதில் சொன்னார்.

அவர் வேனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். விளிம்பில் நகத்தால் கீறிப் பார்த்தார். கை இரண்டையும் கொடுத்துக் கூரையை நெம்பிப் பார்த்தார். அது அசையாததைக் கண்டு தலையை மேலும் கீழும் அசைத்தார்.

அஸ்ஜத் மட்டும் வேனைப் பார்த்தபடி வாயைத் திறந்து நின்றான்.

“ஸியாத், மூடி வச்சீக்கீங்க?”

“ஓம் நானா. பீடிங்கே தேவல்ல, அப்படி உக்காந்தீக்கி.”

“சரி, சரி. இப்பத் தூக்குங்களேன். இவங்க மேல் தட்டப் பார்க்கணுமாம்.”

புதுப் பெண் ஏற்கெனவே போனை உயர்த்திப் பிடித்திருந்தாள். இந்தக் கேள்விக்கு ஸியாத் பதில் தயாரித்துத்தான் வைத்திருந்தான்.

புதுக் கென்வஸ் என்பது புதுச் செருப்பு மாதிரி என்று தொடங்கினான். முதலில் ஓட்டம் பழக வேண்டும். மூடின மட்டில் கொஞ்சத் தூரம் ஓடினால்தான் துணி தன் மடிப்பைத் தானே கண்டுபிடிக்கும். இப்போதே தூக்கினால் மடிப்புக் குழம்பிவிடும். இது ஹூட் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விசயம். யோசேப்பு பின்னால் நின்று, தெரியாவிட்டாலும், ஓம் ஓம் என்று தலையாட்டினார்.

அஸ்ஜத் என்னவோ சொல்ல வாயெடுத்தான். ஸியாத் விடவில்லை. வேலையின் பெருமையை ஹாஜியாரே சொல்லும்படி செய்துவிட வேண்டும். வார்த்தை அவர் வாயிலிருந்து வர வேண்டும். அவன் அவரைப் பார்த்துத் திரும்பினான்.

“வாப்பா, பாலாவிக் கதைய நீங்க கேள்விப்பட்டீப்பீங்க. அதால வாயால ஒன்டும் செல்ல மாட்டன். நீங்களே முன் சீட்டுல ஏறுங்க. நான் ஓட்டுறன். நுரைச்சோலைக் காத்துக்குள்ள போய்த் திரும்பி வருவம். இந்தக் கூரை ஒரு நூல் அசஞ்சிதென்டா, நான் நுஸ்ராட பேர இனி வாயால எடுக்க மாட்டன். நானா, சாவியத் தாங்க.”

கச்சான் தென்னோலையைப் போட்டு அடித்தது. அஸ்ஜத் சாவியும் தரவில்லை, ஸியாத்தின் முகத்தையும் பார்க்கவில்லை. ஜீப்பின்மேல் கட்டியிருந்த மெத்தையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஹாஜியார் ஸியாத்தின் நீட்டிய கையைப் பார்த்தார். பிறகு அவன் தோளில் கையை வைத்து, மெதுவாகச் சொன்னார்.

“ஓட்டலாம், மகன், ஆனா இந்த வேன்ட எஞ்சின் நாலு வருசமா மாம்புரியில என்ட வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணி இறைச்சிட்டு ஈக்கி.”